படகு நின்ற இடம்

முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்கள் சோபா வாங்க மாட்டார்கள், சார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பரணில் ஏற்றிவிடக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலிதான். கட்டில் என்றால் இரும்புக் கட்டில். எங்கள் கிருபா நகரில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கறை ஓடும். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அடுத்த வருஷம் எட்டிப் பார்த்துவிடும். நீங்கள் மதுரைப் பக்கத்துக்காரர் என்று ஏட்டையா சொன்னார். எங்கள் ஊர் உங்களுக்குப் புரிந்தால்தான் நான் செய்ததும் புரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எழுதுகிறவரை அவசரப்படாமல் எழுதச் சொல்லுங்கள். நான் எங்கேயும் போகப்போவதில்லை.

என் பெயர் தனசிங். தோணி அறக்கட்டளையைத் தொடங்கியவன். இப்போது இந்த வார்டின் கவுன்சிலர். அதற்கு முன்னால் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாடம் வாசிப்பேன். குரல் கணீரென்று இருக்கிறது, மைக்கே வேண்டாம் என்பார்கள். அந்தக் குரலை நம்பித்தான் ஒரு நகரே பத்து வருஷமாக மழைக்காலத்தைக் கழித்தது என்று சொன்னால் நீங்கள் நான் பெருமையடிப்பதாக நினைக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள்.

அந்தப் பெரிய வெள்ளத்தின்போது நானும் எல்லோரையும்போல மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தவன்தான். என் மனைவி பியூலாதான் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிற முத்தாலம்மாளுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் எத்திராஜ், கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். அவர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தெரு எது, சாக்கடை எது என்று தெரியாது, வழி காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் ஏறிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் அன்று வேதசிரோமணி ஐயாவை நான் தோளில் போட்டுப் படகில் இறக்கியதை யாரோ படம் பிடித்தார்கள். அது பேப்பரில் வந்தது. அந்தப் படத்தில் எத்திராஜ் இல்லை. பியூலா போன் செய்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேதசிரோமணி ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நல்ல ஆகிருதி, அவரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அந்த முதல் தடவை நான் ஒருவனே எப்படித் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அவருடைய ஒரே மகள் ஜோசலின். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வந்த வரன்களையெல்லாம் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தாள். அந்தப் படம் வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அண்ணன். கூடப்பிறந்த அண்ணன் இருந்தால்கூட அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க மாட்டாள்.

பிறகு தோணியை ஆரம்பித்தேன். கம்பெனி வேலையை விட்டேன். வேலை செய்யும் முறை ஒன்றை உண்டாக்கினேன். மேலே இருக்கிற ஏரியில் மதகு திறந்தால் அங்கிருந்து ஒரு தெரிந்தவர் எனக்குப் போன் செய்வார். உடனே பையன்களை அனுப்பி, முதலில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை நகர்த்திவிடுவோம். அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் குழுவில் என் குரல் போகும். "தோணியிலிருந்து தனசிங் பேசுகிறேன்" என்று ஆரம்பிப்பேன். அதைக் கேட்டதும் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மாநகராட்சியின் மைக் கட்டிய ஆட்டோ ஒவ்வொரு மழைக்கும்தான் வருகிறது. அதற்கு யாரும் அசைய மாட்டார்கள். அண்ணன் குரல் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குழுவை ஜோசலின்தான் நடத்தினாள்.

படகுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தாயிற்று என்று லைன்மேன் எனக்குப் போன் செய்யாமல் படகு தெருவுக்குள் போகக்கூடாது. தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் படகோட்டிகள் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது. எத்திராஜ் இந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான் சொல்லாமல் ஒரு அடி நகர மாட்டார்.

இப்படி வருஷா வருஷம் வெள்ளம் வந்தது, கிருபா நகரில் ஒரு உயிர் போகவில்லை. ஒரு கால்கூட நனையவில்லை என்றே சொல்லலாம். நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அப்படிப்பட்டவன் தேர்தலில் நின்றால் ஊரே திரண்டு ஓட்டுப் போடும் என்றுதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். தோற்றேன். ஏன் தெரியுமா? தண்ணீர் வருவதற்கு முன்பே ஜனங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சூடாகச் சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் வந்து வீட்டைக் கழுவுகிறார்கள். கழுவிக்கொண்டிருக்கும்போது ஜெயித்த மனிதர் பெட்ஷீட்டும் பிரட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெட்ஷீட்தான் அவர்கள் ஞாபகத்தில் நின்றது. வராத ஆபத்தை எப்படி சார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? என் வேலையை நான் நன்றாகச் செய்யச் செய்ய, என்னை மறப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

அந்த ஆத்திரத்தில் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் நின்றேன். வார்டே கொடுக்காதவர்கள் தொகுதியைக் கொடுப்பார்களா என்று பியூலா கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. சின்னமாகப் படகு கேட்டேன், கேஸ் அடுப்பு கிடைத்தது. வெயிலில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். டெபாசிட் போனது. எங்கள் தெரு ஓட்டுப் போடுகிற பூத்திலேயே நோட்டாவுக்குக் கீழே இருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்க எழுந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவேளை வேறு எதற்காவது சிரித்திருக்கலாம்.

அதற்கப்புறம் போன் வருவது நின்றுபோனது. பள்ளி சீட்டுக்கு, ஆஸ்பத்திரி சிபாரிசுக்கு, பட்டா தகராறுக்கு என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன், சார். தோணிப் பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பியூலாவின் போனிலிருந்து எனக்கே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். போன் வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற வேலையில் இருப்பவர் நீங்கள். நான் அப்படி இல்லை. ஐம்பத்தாறு வயதில், என்னை வேண்டும் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஜோசலின் மட்டும் தினமும் ஒரு வசனத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பெட்ஷீட் கொடுத்த கவுன்சிலர் உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார். இடைத்தேர்தல் வரும் என்று பேச்சு கிளம்பியது. மூன்றாவது தடவையும் தோற்றால் அந்தத் தெருவில் என்னால் நடந்துபோக முடியாது என்று எனக்குத் தெரியும். நான் மழைக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். முழங்கால் போட்டு ஜெபித்தேன். கூடவே இருந்த பியூலா, ஊருக்கு மழை வேண்டும் என்று கேட்பதாக நினைத்து ஆமென் சொன்னாள்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அது. இரண்டு நாளாக விடாமல் மழை. காலையில் ஏரியிலிருந்து போன் வந்தது. இன்னும் ஒரு மதகைத் திறந்துவிட்டார்கள், மத்தியானத்துக்குள் உங்கள் பக்கம் வந்துவிடும் என்றார். நான் நன்றி சொல்லி வைத்தேன். குழுவைத் திறந்தேன், பேசுகிற பட்டனை அழுத்தினேன். "தோணியிலிருந்து" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துவிட்டேன். அனுப்பவில்லை.

நான் கொலைகாரன் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தீர யோசித்துத்தான் செய்தேன். இடுப்பளவு தண்ணீர் வரும். கொஞ்ச நேரம் பயப்படுவார்கள். நான் படகில் வருவேன். பயந்தவனுக்குத்தான் கை கொடுத்தவன் முகம் மறக்காது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, பரணில் ஏற்றாத சில சாமான்களைத் தவிர. எத்திராஜுக்குப் போன் செய்து, படகை லாரியில் ஏற்றிக் கேளம்பாக்கம் சாலை வழியாக வண்டலூருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரிங் ரோடு பிடித்து, கிருபா நகருக்கு முந்தின கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னேன். அப்புறம் ஆஸ்டினுக்குப் போன் செய்தேன். ஆஸ்டின் ஒரு டிவி சேனலில் நிருபர், எங்கள் சபைக்காரர். ஊரிலிருந்து திரும்புகிற கார் கூட்டத்தைப் படம் பிடிக்க சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போயிருந்தார். மத்தியானம் இங்கே வாருங்கள், அதைவிட நல்ல செய்தி கிடைக்கும் என்றேன்.

பிறகு ஜோசலின் கூப்பிட்டாள்.

"அண்ணா, வாய்க்கால்ல தண்ணி சத்தம் ஜாஸ்தியா இருக்கு. பக்கத்து வீடு ரெண்டும் ஊருக்குப் போயிட்டாங்க, தெருவுல ஆளே இல்ல. அப்பாவ மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க."

"ஏரியில பேசிட்டேன்மா. ஒண்ணும் வராது. நீ சமையலப் பாரு."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்றாள். குரலிலேயே நிம்மதி தெரிந்தது. குழுவிலும் அதையே எழுதிவிட்டாள்: பயப்பட வேண்டாம், அண்ணன் விசாரித்துவிட்டார். அதைப் பார்த்து, துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வீடுகளும் கட்டுவதை நிறுத்தின. அதை எழுதச் சொல்லி நான் அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் செய்தது.

வேதசிரோமணி ஐயாவை மட்டுமாவது முன்னால் நகர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது, சார். அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் ஊரே கிளம்பிவிடும். முதலில் அவர், பிறகு குரல். அதுதான் எங்கள் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன், இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும். முதல் வெள்ளத்தில் வந்த அந்தப் படத்தைப்போல் இன்னொரு படம் எனக்கு வேண்டியிருந்தது. அதே மனிதரை அதே தனசிங் மறுபடியும் தூக்குகிறான். அதற்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தச் சம்பவத்தைப் பற்றி டிவியில் நான் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். தீபாவளி நெரிசலில் வண்டலூரில் எங்கள் படகு லாரி மாட்டிக்கொண்டது, இல்லாவிட்டால் ஐயாவைக் காப்பாற்றியிருப்போம் என்று அழுதேன். அழுதது நிஜம். நெரிசலும் நிஜம்; ஊரப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் வண்டிகள் அசையாமல் நின்றன. ஆனால் அதில் மாட்டிக்கொண்டது படகு இல்லை. எத்திராஜ் நெரிசல் கூடுமுன் வண்டலூரைத் தாண்டிவிட்டார்; ரிங் ரோட்டில் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, கல்யாண மண்டபத்தருகே படகை இறக்கிவிட்டார். லைன்மேனும் டிரான்ஸ்ஃபார்மரை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்துவிட்டார். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். ஆஸ்டினின் கேமரா வண்டிதான் ஊரப்பாக்கத்தில் நின்றது.

நான் எத்திராஜிடம் இன்னும் கரண்ட் அணைக்கவில்லை என்றேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டார். பேஜாராகிவிட்டது மனிதருக்கு. தண்ணீர் மண்டபத்தின் படி ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆஸ்டினுக்கு அடிப்பேன். நகர்கிறது அண்ணா, நகர்கிறது என்பார். ஜோசலின் அடித்தாள். எடுத்துப் பேசினேன். படகு நெரிசலில் இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறோம் என்றேன். அந்தப் பொய் அப்போது பிறந்ததுதான். படகைத் தொட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அடுத்த தடவை அவள் அடித்தபோது எடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளெல்லாம் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டன. தெருவில் இடுப்பளவு என்றால் ஜோசலின் வீட்டுக்குள் கழுத்தளவு. பத்து வருஷமாக வெள்ளத்தை அளந்துகொண்டிருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு அந்தக் கணக்கை நான் போடவில்லை. போடாமல் இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். கட்டில் மூழ்கியதும் அப்பாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றிருக்கிறாள். தண்ணீர் ஏற ஏற அவர் கனம் குறைந்தது, அதனால்தான் பிடிக்க முடிந்தது என்றாள். கணக்கு டீச்சர் இல்லையா, அதைக்கூடக் கவனித்திருக்கிறாள். அவர் பேச்சு குழறும். ஆனாலும் வேதத்திலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவை அவர் நிறுத்தும்போதும் இவள் எடுத்துக்கொடுத்தாளாம். அண்ணன் வந்துவிடுவார் அப்பா, அண்ணன் வந்துவிடுவார் என்று நடுநடுவே சொன்னாளாம்.

கடைசியில் ஆஸ்டின் வண்டியை விட்டுவிட்டுக் கேமராமேனோடு யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு ரிங் ரோட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நான் எத்திராஜிடம் கரண்ட் போய்விட்டது, கிளம்பலாம் என்றேன். அவர் சிலுவைக்காரர் இல்லை. ஆனாலும் என் இயேசப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படகைத் தள்ளினார்.

தெருவுக்குள் மோட்டார் போட முடியாது. மூங்கில் கழியால்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்னால் நிற்பவன் கழியை விட்டுப் பார்த்து, தண்ணீருக்கடியில் சுவர் இருக்கிறதா, கேட் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பான். அவன் கையை உயர்த்தினால் பின்னால் தள்ளுகிறவர் நிறுத்திவிட வேண்டும். முன்னால் நான். பின்னால் எத்திராஜ். ஜோசலின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டோம். ஜன்னலில் மேல்பக்கம் ஒரு சாண்தான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. படகு வருவதை அவள் அதன் வழியாகப் பார்த்துவிட்டாள். "அண்ணா" என்றாள். கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை.

"உள்ள ஆள் கீது சார்" என்றார் எத்திராஜ்.

அப்போது என் போன் அடித்தது. ஆஸ்டின். தெருமுனை வீட்டு மாடியில் ஏறிக்கொண்டிருக்கிறேன், கேமராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் அண்ணா என்றார். உள்ளே என்ன நிலைமை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எனக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கேட்தான் இருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

எத்திராஜ் நிறுத்தினார். கேட் கம்பி இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். கேட் திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து அந்தக் குழறல் பேச்சு கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஜோசலின் அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். தெருமுனை மாடியில் ஆஸ்டின் கையை ஆட்டியதும் நான் என் கையை இறக்கினேன். நாங்கள் உள்ளே போய் அவரைத் தூக்கியபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது.

அந்தப் படம் எல்லா இடத்திலும் வந்தது. இறந்தவரைத் தோளில் சுமந்துகொண்டு நான் தண்ணீரில் நடக்கிற படம். இடைத்தேர்தலில் எத்தனை வித்தியாசத்தில் ஜெயித்தேன் என்பது உங்களுக்கே தெரியும்; எதிர்த்தவர்களில் ஒருவருக்கும் டெபாசிட் இல்லை. மறுபடியும் போன் ஓயாமல் அடித்தது.

எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது ஜோசலின். கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் ஒன்றையேதான் சொன்னாள். "அண்ணன் கேட் வரைக்கும் வந்துட்டாரு. நான்தான் கைய விட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா அப்பா இருந்திருப்பாரு." அதைக் கேட்டுப் பெண்கள் அழுதார்கள். நான் பக்கத்தில் நின்று, உன் மேல் தப்பில்லையம்மா என்பேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன், சார். அதில் ஒரு தடவைகூடப் பொய் இல்லை.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. தினமும் தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று. மீன் விற்கப் போன முத்தாலம்மாள் அதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டிருக்கிறாள். அவளிடமும் ஜோசலின் அதே கதையைச் சொல்லியிருக்கிறாள்: படகு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது, கடைசியில் வந்தது, நான் விட்டுவிட்டேன். முத்தாலம்மாள் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

எத்திராஜ் என் ஆபீசுக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"இன்னா சார், நம்ம போட்டு டிராஃபிக்ல மாட்டிக்கிச்சாமே. நாம எங்க சார் மாட்டிக்கினோம்? மண்டபத்தாண்டதானே நின்னுகினு இருந்தோம். லைன்மேன கேட்டா, அப்பவே கரண்ட ஆஃப் பண்ணிட்டேன்றான்."

நான் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகப் பேசினேன். நடந்தது நடந்துவிட்டது, இதைக் கிளறினால் தோணி மூழ்கும், உன் பேரும் சேர்ந்து கெடும் என்றேன். குப்பத்துக்கு ஒரு சமுதாயக்கூடம் கட்டித்தர ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னேன்.

"கூடம் இன்னாத்துக்கு சார். அந்தப் பொண்ணு தன்னாலதான் போச்சுன்னு குடத்த தூக்கிகினு கீது. அத நானும் போயி கண்ணால பாத்துட்டு எனக்கு சோறு எறங்கல." அவ்வளவுதான் சொன்னார். நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

இரண்டு பொய் சொன்னதுதான் நான் செய்த பிசகு. ஜனங்களுக்கு ஒன்று, படகுக்காரர்களுக்கு ஒன்று. ஒரே பொய்யாக இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் எத்திராஜ் வந்ததற்காக நான் ஒத்துக்கொள்வதாக எழுதாதீர்கள். அவருக்குத் தெரிந்தது மண்டபத்தில் நின்றது மட்டும்தான். காலையில் ஏரியிலிருந்து வந்த போன், வாசலில் நான் எதற்காகக் கையை உயர்த்தினேன் என்பது, கேட் திறந்திருப்பது எனக்குத் தெரியும் என்பது, இதெல்லாம் நானாகச் சொன்னவை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. வேதசிரோமணி ஐயாவைக் கொன்றது அவர் மகளின் கை இல்லை, என் கை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஜோசலின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக ஏட்டையா சொன்னார். நீங்கள்தான் அவளிடம் சொல்லப்போகிறீர்கள் என்றால் எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அண்ணன் யாரும் வற்புறுத்தாமல் தானாகவே உண்மையைச் சொன்னார் என்று ஆரம்பியுங்கள். நாடாளுமன்றத் தேர்தல் எப்படியும் வரும், ஒரு நல்ல வக்கீல் வைத்தால் அதற்குள் நான் வெளியே வந்துவிடலாம். இந்தக் காலத்தில் செய்த தப்பை ஒத்துக்கொள்கிற வேட்பாளர் யார் சார் இருக்கிறார்கள்? ஜனங்களிடம் அதை எடுத்துச் சொல்ல அவள் ஒருத்தி என் பக்கத்தில் நின்றால் போதும். நிற்பாள். நான் கூப்பிட்டு அவள் வராமல் இருந்ததே இல்லை.